பட்டியலில் இல்லாத காடி

2000ஆம் ஆண்டின் கடைசிப் பள்ளி விடுமுறை. கிள்ளானில் எங்கள் தாமானுக்குப் பக்கத்துக் கடைவரிசையின் மாடியில் ஓர் அறை இருந்தது. ஆறு தொலைக்காட்சிப் பெட்டிகள், ஆறு பிளேஸ்டேஷன்கள், உட்கார பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு வெள்ளி. மற்ற பையன்கள் காற்பந்து ஆட்டம் போடச் சொல்லி அடம்பிடிப்பார்கள். நானும் என் மாமா மகனும் மட்டும் ‘கிரான் டுரிஸ்மோ 2’ கேட்போம். கிட்டத்தட்ட 650 கார்கள் கொண்ட பந்தய ஆட்டம் அது. அதில் நான்கு திசைக்கு நான்கு நகரங்கள். ஒவ்வொரு நகரத்திலும் கார் நிறுவனங்களின் கடைகள். பையில் இருக்கும் காசு தீரும்வரை அந்த நான்கு நகரங்களிலும் நான் தேடியது ஒரே ஒரு கடையைத்தான். புரோட்டோன்.

கீழே அப்பா எங்களுக்காகக் காத்திருப்பார். கருநீல நிற புரோட்டோன் சாகா, 1.3. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. துறைமுகத்தில் போர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்த அவர் வாங்கிய முதல் கார், கடைசிக் காரும் அதுதான். நான் கதவைத் திறந்து உட்கார்ந்ததும் கேட்பார்.

“என்னடா, இருந்துச்சா?”

“இல்லப்பா.”

“நல்லா பாத்தியா? அறுநூறு காடி இருக்குங்கற. நம்ம காடி இல்லாமலா போகும்?”

அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கு இருபது வருடம் ஆனது. கண்டுபிடித்தவரைக்கும் இங்கே எழுதி வைக்கிறேன்.

*

பந்தய ஆட்டங்களில் நிஜக் கார்களை வைப்பது தொடக்கத்தில் யாரும் கேட்டுச் செய்த காரியம் இல்லை. 1986இல் சேகா நிறுவனம் வெளியிட்ட ‘அவுட்ரன்’ ஆட்டத்தில் ஒரு சிவப்பு நிறத் திறந்த கார் ஓடும். பார்த்தவுடனேயே ஃபெராரி டெஸ்டரோஸா என்று சொல்லிவிடலாம். ஆனால் ஃபெராரியிடம் அதற்கு அனுமதி வாங்கியிருக்கவில்லை. 2003இல் ‘அவுட்ரன் 2’ வந்தபோது நிலைமை வேறு. முறையாக ஒப்பந்தம் போட்டு, ஃபெராரி பெயரையும் சின்னத்தையும் வைத்துத்தான் வந்தது. இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில், ஒரு காரின் உருவமும் பெயரும் சின்னமும்கூட விற்கக்கூடிய சரக்கு என்பது எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

அதைப் புரியவைத்ததில் கிரான் டுரிஸ்மோவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1997 டிசம்பரில் ஜப்பானில் முதல் ஆட்டம் வெளிவந்தது. அதை உருவாக்கிய கசுனோரி யமாவுச்சி 1967இல் சீபா மாநிலத்தின் காஷிவா நகரில் பிறந்தவர். அவருடைய ஆட்டத்தில் பந்தயத்துக்கென்றே பிறந்த கார்கள் மட்டும் இல்லை. ஜப்பானியர் ஒருவர் காலையில் வேலைக்கு ஓட்டிப்போகும் சின்னக் கார்களும் இருந்தன. பழைய காரை மலிவாக வாங்கி, ஓட்டிச் சம்பாதித்து, எக்ஸாஸ்ட் மாற்றி, டயர் மாற்றி, அடுத்த காருக்குப் போக வேண்டும். நம் அண்ணன்மார் பட்டறை வாசலில் செய்துகொண்டிருந்த அதே வேலை. அதனால்தான் அந்த ஆட்டம் எங்களுக்கு உடனே பிடித்துப்போனது.

ஆசையும் அங்கேதான் தொடங்கியது. சாதாரணக் கார்களும் உள்ளே வரலாம் என்று ஆனபிறகு, உலகம் முழுக்க ஒவ்வொருவரும் அவரவர் காரைக் கேட்க ஆரம்பித்தார்கள்.

*

நான் முதலில் நினைத்தது, புரோட்டோன் வேகமில்லாத கார் என்பதால் ஒதுக்கிவிட்டார்கள் என்று. அது உண்மையில்லை என்பதற்குப் போர்ஷே சாட்சி.

2000ஆம் ஆண்டு எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் முழுக்க முழுக்கப் போர்ஷே கார்களை மட்டும் வைத்து ஒரு ‘நீட் ஃபார் ஸ்பீட்’ ஆட்டத்தை வெளியிட்டது. போர்ஷேயை ஆட்டங்களில் பயன்படுத்தும் தனியுரிமை அந்த ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. 2016 முடியும்வரை அப்படியே. வேறு யாராவது போர்ஷே வேண்டும் என்றால் அவர்களிடம் போய் உள்வாடகைக்கு வாங்க வேண்டும். உலகத்தின் மிகப் புகழ்பெற்ற பந்தயக் கார்களில் ஒன்று, உலகத்தின் மிகப் புகழ்பெற்ற பந்தய ஆட்டத்தில் 2017வரை கிடையாது. ரசிகர்கள் வருடா வருடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அதற்கு யமாவுச்சியின் குழு கண்டுபிடித்த சந்துதான் ரூஃப். ஜெர்மனியில் ரூஃப் என்று ஒரு சிறிய நிறுவனம் இருக்கிறது. போர்ஷேயின் வெற்று உடற்கூட்டை வாங்கி, அதில் தன் சொந்த எஞ்சினையும் பாகங்களையும் பொருத்தி, தன் பெயரில் விற்பார்கள். ஜெர்மன் சட்டப்படி ரூஃப் ஒரு தனிக் கார் தயாரிப்பாளர். ஆகவே ரூஃப் காரை ஆட்டத்தில் வைக்க ரூஃபிடம் கேட்டால் போதும். எங்கள் மாடியறையில் நாங்கள் போர்ஷே என்று நம்பி ஓட்டியதெல்லாம் ரூஃப். பின்னால் எழுதியிருந்த பெயரை யாரும் படிக்கவில்லை.

காரின் சொந்தக்காரர்களே கதவைச் சாத்திக்கொண்ட கதையும் உண்டு. 2003இல் வந்த ‘நீட் ஃபார் ஸ்பீட் அண்டர்கிரவுண்ட்’ ஆட்டத்தில் டொயோட்டா சுப்ரா இருந்தது. 2019இல் அதே வரிசையில் ‘ஹீட்’ வந்தபோது டொயோட்டா ஒன்றுகூட இல்லை. சட்டவிரோதத் தெருப்பந்தயத்தை ஊக்குவிக்கும் ஆட்டங்களில் தங்கள் கார்கள் இருக்க விரும்பவில்லை என்ற பொருளில் பிரிட்டனின் டொயோட்டா கிளை அப்போது பதில் சொன்னது. போலீஸ்காரன் துரத்தும் ஆட்டத்தில் நம் பெயர் எதற்கு என்று ஒரு பெரிய கம்பெனி யோசித்தால், ரசிகன் என்ன செய்ய முடியும்?

இப்படி ஒவ்வொன்றாகத் தெரியத் தெரிய எனக்கு ஒன்று பிடிபட்டது. ஆட்டத்துக்குள் காண்பது கார்களின் பட்டியல் மாதிரித்தான் இருக்கும். உண்மையில் அது கையெழுத்தான ஒப்பந்தங்களின் பட்டியல்.

*

கையெழுத்துக்குப் பிறகு வேலை இருக்கிறது. முதல் கிரான் டுரிஸ்மோவில் ஒரு கார் என்பது சில நூறு பலகோணத் துண்டுகளால் ஆனது. ஒரு நாளில் செய்து முடித்துவிடலாம். ஐந்தாவது ஆட்டம் 2010இல் வரும்போது அது லட்சக்கணக்கில் ஆகிவிட்டது. ஒரு காரைச் செய்ய ஒருவருக்கு ஆறு மாதம் பிடிக்கிறது என்று யமாவுச்சி சொல்லியிருக்கிறார். தையல், பொத்தான், முள், கண்ணாடிக்குள் தெரியும் பிம்பம் எல்லாம் வேண்டும்.

அந்த ஐந்தாவது ஆட்டத்தில் 1,000 கார்களுக்கு மேல் என்று விளம்பரம் செய்தார்கள். அவற்றில் சுமார் 200தான் முழுதாகப் புதிதாகச் செய்தவை. மீதி 800 பழைய ஆட்டங்களிலிருந்து கொண்டுவந்தவை. அவற்றுக்கு உட்புறம் கிடையாது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் இருட்டுதான் தெரியும். போதாததற்கு ஒரே நிசான் ஸ்கைலைன் டஜன் கணக்கில், சின்னச் சின்ன வித்தியாசங்களோடு. ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். ‘இத்தனை ஸ்கைலைன் எதற்கு, எங்கள் கார் ஒன்றை வையுங்கள்’ என்று கேட்காத நாட்டுக்காரன் இல்லை.

ஆறு மாத உழைப்பை எந்தக் காருக்குக் கொடுப்பது? நிறையப் பேர் கேட்கும் காருக்கு. நிறையப் பேர் என்றால் யார்? பணம் கொடுத்து வாங்கும் நிறையப் பேர். இந்த இடத்துக்குத் திரும்பி வருகிறேன்.

*

இதில் வேடிக்கை என்னவென்றால், சாகா இல்லாத அந்த ஆட்டத்தில் அதன் சொந்தக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள்.

1985 ஜூலை 9ஆம் தேதி சாகா அறிமுகமானது. எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊரான ஷா ஆலாமில்தான் தொழிற்சாலை. பெயர், சாகா மரத்தின் சிவப்பு விதையிலிருந்து வந்தது. நாம் ஆனைக்குன்றிமணி என்போமே, அது. உடம்பும் எஞ்சினும் மிட்சுபிஷியுடையவை. 1983இல் வந்த லான்சர் ஃபியோரேதான் அதன் மூலம். “பேரு நம்மளுது, எஞ்சின் அவனுது” என்று அப்பா சொல்வார். அதில் கிண்டலும் இருக்கும், கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

பிறகு வந்த வீரா, நான்காம் தலைமுறை லான்சரை வைத்துச் செய்தது. அதே தலைமுறை லான்சரிலிருந்து பிறந்தவைதான் எவலூஷன் முதல் மூன்று வரை. கிரான் டுரிஸ்மோ 2இல் எவலூஷன் 3 இருந்தது. எங்கள் தாமானில் வீரா வைத்திருந்த அண்ணன்கள் எவோ 3 பம்பரும் ஸ்பாய்லரும் வாங்கி மாட்டி, புரோட்டோன் சின்னத்தைப் பிடுங்கிவிட்டு மிட்சுபிஷியின் மூன்று வைரத்தை ஒட்டிக்கொள்வார்கள். நான் திரையில் அதைத் தலைகீழாகச் செய்தேன். எவோவை ஓட்டிக்கொண்டு மனசுக்குள் புரோட்டோன் சின்னத்தை ஒட்டிக்கொண்டேன்.

லோட்டஸும் அங்கே இருந்தது. 1996இல் லோட்டஸை வாங்கியது நம் புரோட்டோன்தான். 2017வரை பிரிட்டனின் அந்தப் பெயர்பெற்ற கம்பெனிக்கு முதலாளி ஷா ஆலாமில் இருந்தார். லோட்டஸ் எலிஸுக்கு ஆட்டத்தில் இடமுண்டு, முதலாளிக்கு இல்லை. லோட்டஸ்காரர்கள் ஓட்டம் சரிசெய்து கொடுத்த புரோட்டோன் சத்ரியா ஜிடிஐக்கும் இல்லை.

நான்காவது ஆட்டத்தில் தைஹாட்சு மீரா இருந்தது. பெரோடுவா கஞ்சிலுக்கு அது நெருங்கிய உறவு. 1886இல் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர வண்டிகூட அதில் இருந்தது. எனக்கு அப்போது பதினேழு வயது. கம்பெனிகளின் பட்டியலை உருட்டிக்கொண்டே வந்தபோது நெஞ்சு நின்றுவிட்டது. ‘புரோட்டோ’ என்று இருந்தது. கடைசி எழுத்து திரையில் விழவில்லை என்றுதான் நினைத்தேன். உள்ளே போனால் புரோட்டோ மோட்டார்ஸ், கொரியா. அவர்களின் ஸ்பிர்ரா என்ற கார். அதைச் செய்த கொரியர்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்கள் என்று இப்போது யோசிக்க முடிகிறது. அன்றைக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

ஒன்று மட்டும் எனக்கு ஆறுதல். திரையில் நான் மனசுக்குள் ஒட்டிய சின்னத்தை, நிஜமாகவே ஒட்டி உலகை வென்ற மனிதர் ஒருவர் இங்கே இருந்தார். கரம்ஜித் சிங். லான்சர் எவலூஷன் 6தான் புரோட்டோன் பெர்ட் என்ற பெயரில் ராலிகளில் ஓடியது. கரம்ஜித் சிங் ஓட்ட, ஆலன் ஓ பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்ல, 2002இல் தயாரிப்புக் கார்களுக்கான உலக ராலி பட்டத்தை அவர்கள் வென்றார்கள். பத்திரிகையில் வந்த படத்தை அப்பா வெட்டி வைத்திருந்தார். “பாத்தியா, ஆட்டத்துல இல்லாட்டி என்ன, உலகத்துல இருக்கு” என்றார்.

*

ரசிகர்களின் ஆசைக்குச் சக்தியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நிசான் ஸ்கைலைன் ஜிடிஆர் அமெரிக்காவில் அதிகாரபூர்வமாக விற்கப்பட்டதே இல்லை. அங்குள்ள பையன்கள் அதைக் கண்டது கிரான் டுரிஸ்மோவில்தான். கையில் தொட முடியாத ஒரு கார்மேல் ஒரு தலைமுறையே ஆசை வைத்தது. 25 வயது நிறைந்த வெளிநாட்டுக் கார்களை இறக்குமதி செய்யலாம் என்பது அமெரிக்கச் சட்டம். 1989இல் பிறந்த ஆர்32க்கு 2014இல் கதவு திறந்தது, 1999இல் பிறந்த ஆர்34க்கு 2024இல். பிளேஸ்டேஷன் முன் உட்கார்ந்திருந்த பையன்கள் நடுவயதுக்காரர்களாகி, கப்பலில் வரவழைத்தார்கள். 2007இல் நிசான் புதிய ஜிடிஆரைக் கொண்டுவந்தபோது, அதன் உள்ளேயிருக்கும் தகவல் திரையை வடிவமைத்தது கிரான் டுரிஸ்மோவைச் செய்த அதே குழு.

2021இல் வந்த ‘ஃபோர்ஸா ஹொரைசன் 5’ மெக்சிகோவில் நடக்கிற ஆட்டம். மெக்சிகோக்காரர்கள் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலை ‘வோச்சோ’ என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். டாக்சியாகவும் குடும்பக் காராகவும் அந்த நாட்டையே சுமந்த வண்டி. உலகத்தின் கடைசிப் பழைய பீட்டில் 2003இல் மெக்சிகோவின் புவெப்லா தொழிற்சாலையில்தான் வெளிவந்தது. அந்த ஆட்டத்தில் பழைய வோச்சோ ஒன்றைப் புதுப்பித்து மறுபடி ஓடவைப்பதற்கென்றே தனிக் கதை வைத்திருக்கிறார்கள். சீறிப்பாயும் கார்களுக்கு நடுவே அந்த வண்டு ஊர்ந்து போவதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. வேறு யாருடைய அப்பாவின் காரோ அது.

இப்போது கிரான் டுரிஸ்மோ 7இல் ஹைஏஸ் வேன் இருக்கிறது. ஹைஏஸிலிருந்து செய்த ஆம்புலன்ஸ்கூட இருக்கிறது. ஆம்புலன்ஸை வைத்துப் பந்தயம் ஓட்டலாம். ஆகவே வேகம் ஒரு காரணமே இல்லை. எந்தத் தெருவில் வளர்ந்தவன் ஆட்டத்தைச் செய்கிறானோ அந்தத் தெரு உள்ளே வருகிறது. எந்த நாட்டில் விற்கிறதோ அந்த நாடு உள்ளே வருகிறது.

*

திரும்பி வருகிறேன் என்று சொன்ன இடம் இதுதான்.

என் சிறுவயதில் நான் ஆடிய ஒரு ஆட்டம்கூட அசல் தட்டு இல்லை. பாசார் மாலாமில் மடக்கு மேசைமேல் பரப்பி வைத்திருப்பார்கள். ஒரு தட்டு ஐந்து வெள்ளி. அட்டைப்படம் மங்கலான நகல். எங்கள் வீட்டில் பிளேஸ்டேஷன் வந்தபோது அதையும் கடையில் கொடுத்து, திருட்டுத் தட்டு ஓடுவதற்கு உள்ளே சில்லு வைத்துத்தான் வாங்கிவந்தோம். எங்கள் தாமானில் எல்லாரும் அப்படித்தான். அசல் தட்டின் விலையில் எங்கள் வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு மளிகைச் சாமான் வாங்கலாம். அப்பாவிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வந்திருக்காது.

நியாயம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. கணக்குச் சொல்கிறேன். தோக்கியோவில் யாரோ ஒருவர் எந்த நாட்டில் எத்தனை தட்டு விற்றது என்று பார்க்கும்போது, அந்தத் தாளில் நானும் என் மாமா மகனும் அந்த மாடியறைப் பையன்களும் இல்லை. நாங்கள் விடிய விடிய ஆடினோம். ஆனால் யாருடைய கணக்கிலும் வராமல் ஆடினோம். அவர்கள் பட்டியலில் எங்கள் காரைத் தேடிய எங்களை, அவர்கள் தங்கள் பட்டியலில் தேடியிருந்தாலும் கண்டிருக்க மாட்டார்கள்.

“நம்ம காடி இல்லாமலா போகும்?” என்று அப்பா கேட்டதற்கு, பாதிப் பதில் ஒப்பந்தத்திலும் ஆறு மாத உழைப்பிலும் இருக்கிறது. மீதிப் பாதி அந்த ஐந்து வெள்ளியில் இருக்கிறது. இதை அப்பாவிடம் நான் சொன்னதில்லை.

*

கதவு திறக்காத வீட்டுக்குப் பின்வழியாகப் போகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. 2014இல் இத்தாலியின் குனோஸ் சிமுலாசியோனி நிறுவனம் ‘அசெட்டோ கோர்சா’ என்ற ஆட்டத்தை வெளியிட்டது. அதில் யார் வேண்டுமானாலும் தாங்களே ஒரு காரைச் செய்து சேர்த்துக்கொள்ளலாம். ‘மோட்’ என்பார்கள். காசுக்காக இல்லாமல், இரவுகளில், வேலை முடிந்துவந்து, நம் நாட்டு இளைஞர்கள் அதில் சாகாவும் வீராவும் சத்ரியாவும் செய்து வைத்திருக்கிறார்கள். பெரிய கம்பெனி ஒருவருக்குச் சம்பளம் கொடுத்துச் செய்யவைக்காத வேலையை, முகம் தெரியாத ஒருவர் செய்கிறார். அவருக்கும் காத்திருந்த ஒரு அப்பா இருந்திருக்கலாம்.

எங்கள் சாகா இப்போது இல்லை. பழைய இரும்புக்குப் போய் பல வருடம் ஆகிவிட்டது. அப்பாவுக்கும் இனிப்பு நீரால் பார்வை குறைந்து, லைசென்ஸ் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டார். ஒருநாள் ஸ்டீரிங்கையும் பெடல்களையும் மேசையில் பொருத்தி, பெரிய திரையில் அந்த சாகாவை வரவைத்து, அப்பாவைப் பிடித்து உட்கார வைத்தேன். திரைக்கு மிக நெருக்கமாக உட்கார்ந்தால்தான் அவருக்குத் தெரியும்.

கொஞ்ச நேரம் டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சத்தம் இப்படி இருக்காதுடா. நம்ம காடி காலைல எழுப்புனா மொதல்ல இருமும்” என்றார்.

ஓட்டத் தொடங்கினார். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதை. மணிக்கு அறுபதில், இடது ஓரமாக. பின்னால் வந்த கார்கள் எல்லாம் சீறிக்கொண்டு தாண்டிப் போயின.

“வேகமா போங்கப்பா, இது ரேஸ்.”

“அவசரமா இருக்கறவன் போகட்டும்.”

முதல் வளைவு வந்தது. அப்பாவின் வலது கை ஸ்டீரிங்கை விட்டு லேசாக எழுந்து, பக்கத்தில் காற்றில் எதையோ தேடியது. சிக்னல் குச்சி. நான் வாங்கிய ஸ்டீரிங்கில் அது கிடையாது. இரண்டு முறை தேடிவிட்டு, இல்லை என்று தெரிந்ததும், கண்ணாடியைப் பார்த்து, பின்னால் யாரும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மெதுவாகத் திரும்பினார்.